கிராங்க், கேம் சென்சார் மாற்றிய எஞ்சின் அடம்பிடித்தால்

பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரித்துக் கொடுத்த டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றியாயிற்று. கிராங்க் புல்லியில் பல் சக்கரம் ஏறிவிட்டது. அதன் பக்கத்தில் ஒரு சென்சார், மேலே வால்வுகளைத் திறக்கும் கேம் பக்கம் இன்னொன்று, டேஷ்போர்டுக்குக் கீழே புது ஈசியு, அதாவது ஸ்பார்க்கையும் பெட்ரோலையும் கட்டுப்படுத்தும் கணினி. செல்ஃப் அடித்தால் எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்க மாட்டேன் என்கிறது. அல்லது பிடித்துவிட்டு, 4500 ஆர்பிஎம்மைத் தாண்டும்போது யாரோ சாவியைத் திருப்பி அணைத்ததுபோல் வெட்டுகிறது.

இந்த இடத்தில் எல்லோருக்கும் கை முதலில் லேப்டாப்புக்குத்தான் போகும். இரைச்சலை வடிகட்டும் ஃபில்டரை ஏற்றிப் பார்ப்போம், எட்ஜை (சிக்னல் ஏறும் இடத்தை எண்ணுவதா, இறங்கும் இடத்தை எண்ணுவதா என்பதை) மாற்றிப் பார்ப்போம் என்று தோன்றும். அதைக் கடைசிக்கு வையுங்கள். நான் பார்த்தவற்றில் பெரும்பாலும் பிழை பிராக்கெட்டிலோ இடைவெளியிலோ வயரிலோதான் இருந்திருக்கிறது. ஃபில்டர் அதை மறைக்கும், தீர்க்காது. மறைந்த பிழை ஃபுல் த்ராட்டிலில் திரும்பி வந்தால் பிஸ்டன் போகும்.

எடுத்துக்காட்டுக்கு, பழைய எஸ்டீமிலும் ஜிப்ஸியிலும் வந்த 1298 சிசி ஜி13 எஞ்சினை வைத்துக்கொள்கிறேன். புல்லியில் 36-1 சக்கரம், அதாவது 36 பல்லுக்கு இடம் வைத்து ஒன்றை வெட்டி எடுத்தது. பல்லுக்கு 10 டிகிரி. பல் இல்லாத இடத்தை வைத்துத்தான் கிராங்க் எங்கே நிற்கிறது என்று ஈசியு கண்டுபிடிக்கிறது. அந்த இடத்தைப் பொக்கை என்று சொல்லிப் பழகிவிட்டேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். கேம் சென்சார், உள்ளே எல்லாவற்றையும் எடுத்துவிட்ட டிஸ்ட்ரிபியூட்டர் கூட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. வேறு எஞ்சின், 60-2 சக்கரம் என்றாலும் முறை இதேதான். பல்லுக்கு 6 டிகிரி என்று கணக்கு மட்டும் மாறும்.

கையில் வேண்டியவை: ஃபீலர் கேஜ், மல்டிமீட்டர், டைமிங் லைட், டயல் கேஜ். முடிந்தால் இரண்டு சேனல் ஆசிலோஸ்கோப். விலை குறைந்த யுஎஸ்பி ஸ்கோப் போதும், ஆனால் விஆர் சென்சாரில் (காந்தமும் சுருளும் மட்டும் கொண்ட வகை) மாட்டும்போது 10 மடங்கு குறைக்கும் புரோபைப் போடுங்கள். ஐடிலில் சாதுவாக இருக்கும் அந்த சென்சார் மேலே போகப் போகப் பல பத்து வோல்ட் தரும். ஸ்கோப் இல்லாதவர்களுக்கு ஈசியுவை லேப்டாப்பில் அமைக்கும் ட்யூனர்ஸ்டுடியோ மென்பொருளின் டூத் லாகர் பாதி வேலையைச் செய்துவிடும்.

செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் பூஜ்யம்

எந்த சென்சார் என்று முதலில் தெளிவாகிக்கொள்ளுங்கள். இரண்டு வயர் என்றால் பொதுவாக விஆர்: காந்தத்தைச் சுற்றிய ஒரு சுருள், அவ்வளவுதான். மூன்று வயர் என்றால் பெரும்பாலும் ஹால், அதாவது காந்தப்புலம் மாறுவதை உணரும் சிப், அதற்குச் சப்ளை வேண்டும். விஆரிலும் மூன்றாவதாக ஷீல்டு வயர் வரும் மாடல்கள் உண்டு, வயர் எண்ணிக்கையை மட்டும் நம்பி 12 வோல்ட் கொடுத்துவிடாதீர்கள். ஓம் பார்த்துவிட்டுக் கொடுங்கள். சில நூறு ஓமிலிருந்து ஒன்றரை கிலோ ஓம் வரை எங்காவது நின்றால் அது விஆர் சுருள்.

விஆர் என்றால் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து செல்ஃப் அடியுங்கள். சில நூறு மில்லிவோல்ட்டாவது வர வேண்டும். ஒன்றுமே இல்லை என்றால் இடைவெளியைப் பாருங்கள். 0.7 மி.மீ. நல்ல தொடக்கம். 1.5-க்குப் போய்விட்டால் 200 ஆர்பிஎம்மில் சிக்னல் ஈசியுவை எழுப்பும் அளவுக்கு இருக்காது. மீட்டரில் வருகிறது, ஈசியுவில் வரவில்லை என்றால் நடுவில் இருக்கும் கண்டிஷனரை (விஆர் அலையை ஈசியு படிக்கும்படி சதுர அலையாக்கும் சர்க்யூட்) சந்தேகப்படுங்கள். ஸ்பீடுவினோ போன்ற ஈசியு போர்டுகளில் விஆருக்குத் தனிக் கண்டிஷனர் சிப் போட வேண்டும். ஹாலுக்கான ஜம்பர் அப்படியே இருந்தால் நாள் முழுக்க செல்ஃப் அடித்தாலும் பேட்டரிதான் இறங்கும்.

ஹால் என்றால் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டு எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். பல் கடக்கும்போது சிக்னல் வயரில் 5 வோல்ட்டும் பூஜ்யமும் மாறி மாறி வர வேண்டும். எப்போதும் பூஜ்யமாகவே இருந்தால் புல்-அப் ரெசிஸ்டர் இல்லை. இந்த சென்சார்கள் பெரும்பாலும் வயரை எர்த்துக்கு இழுக்க மட்டுமே செய்யும், மேலே தூக்கிவிட 1 கிலோ ஓமிலிருந்து 4.7 கிலோ ஓமுக்குள் ஒரு ரெசிஸ்டர் வேண்டும். எப்போதும் 5 வோல்ட் என்றால் சப்ளையையும் எர்த்தையும் பாருங்கள், பிறகு இடைவெளி, பிறகு சென்சார் திரும்பியிருக்கும் கோணம். உள்ளே இரண்டு ஹால் முனைகள் அடுத்தடுத்து இருக்கும் வகை சென்சாரை 90 டிகிரி திருப்பி மாட்டினால் பல் போவதே அதற்குத் தெரியாது. பார்ப்பதற்கு எல்லாம் சரியாகவே இருக்கும்.

இன்னொன்று, சிரிப்பாகத் தோன்றும். பளபளவென்று இருக்கட்டும் என்று ஒரு நண்பர் சக்கரத்தை எஸ்எஸ் 304 தகட்டில் லேசர் கட் செய்துகொண்டு வந்தார். வேலை அத்தனை சுத்தம். ஃப்ரிட்ஜ் காந்தத்தை வைத்தால் ஒட்டவில்லை. ஒட்டாத உலோகம் இந்த சென்சார்களின் கண்ணுக்குப் படாது. சாதாரண எம்எஸ் (மைல்டு ஸ்டீல்) தகடு போதும், துருப்பிடிக்காமல் ஒரு கோட் பெயிண்ட் அடித்தால் சரி.

ஆர்பிஎம் வருகிறது, ஸ்பார்க் இல்லை. அல்லது ஆர்பிஎம் குதிக்கிறது

ஈசியுவுக்குப் பல் தெரிகிறது, பொக்கை தெரியவில்லை என்று அர்த்தம். டூத் லாகரைத் திறந்து செல்ஃப் அடியுங்கள். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு கம்பி வரும், உயரம் என்பது இரண்டு பல்லுக்கு இடைப்பட்ட நேரம். சரியாக இருந்தால் 34 கம்பிகள் ஏறத்தாழ ஒரே உயரத்தில், அப்புறம் இரண்டு மடங்கு உயரத்தில் ஒன்றே ஒன்று.

அந்த ஒற்றைக் கம்பிக்குப் பதிலாக ஒன்றரை மடங்கு உயரத்தில் இரண்டு கம்பிகள் பக்கத்துப் பக்கத்தில் நின்றால், விஆரின் இரண்டு வயரும் மாறியிருக்கிறது. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் இந்த ஒரு பிழை நாலு விதமான அறிகுறிகளாக வேஷம் போடும். பல் நெருங்கும்போது விஆர் வோல்ட்டேஜ் ஒரு பக்கம் ஏறும். பல்லின் நட்டநடு சென்சாருக்கு நேரே வரும் கணத்தில் செங்குத்தாகப் பூஜ்யத்தைக் கடந்து மறுபக்கம் இறங்கும். ஈசியு எண்ண வேண்டியது இந்தச் செங்குத்துக் கடவையை. வயர் மாறினால் அது எண்ணுவது பல்லுக்கும் பல்லுக்கும் நடுவிலிருக்கும் பள்ளத்தின் கடவையை. மற்ற இடங்களில் வித்தியாசம் தெரியாது. பொக்கை வரும்போதுதான் பள்ளம் நீண்டு, சிக்னல் பூஜ்யத்தை ஒட்டிப் படுத்துவிடும். எங்கே கடந்தது என்பது அந்தந்த நேரத்து இரைச்சலைப் பொறுத்தது. ஆகவே சில தடவை சிங்க் (ஈசியு கிராங்க் நிற்கும் இடத்தைப் பிடித்துக்கொள்வது) கிடைக்கும், சில தடவை கிடைக்காது. சிங்க் கிடைத்தாலும் டைமிங் அலையும். வயரை மாற்றிப் போடுங்கள், தீர்ந்தது. கூடவே டிரிகர் ஆங்கிளை (பொக்கைக்கும் டிடிசிக்கும், அதாவது பிஸ்டன் உச்சிக்கு வரும் புள்ளிக்கும், எத்தனை டிகிரி என்று ஈசியுவில் கொடுக்கும் எண்) திரும்பச் சரிபாருங்கள், 36 பல் சக்கரத்தில் எண்ணும் இடம் அரைப் பல், அதாவது 5 டிகிரி நகர்ந்திருக்கும்.

கம்பிகள் மலையும் மடுவுமாக வருகின்றன, பொக்கை எது என்றே தெரியவில்லை என்றால் அது கம்ப்ரெஷன். நாலு சிலிண்டரில் ஒவ்வொரு 180 டிகிரிக்கும் ஒரு பிஸ்டன் டிடிசிக்கு வருகிறது, அங்கே கிராங்க் திணறி மெதுவாகி, தாண்டியதும் பாய்கிறது. கம்ப்ரெஷனை உயர்த்திக் கட்டிய எஞ்சினில், பேட்டரியும் கொஞ்சம் மட்டமாக இருந்தால், டிடிசி பக்கத்திலிருக்கும் சாதாரணப் பல் இடைவெளிகூடப் பொக்கை மாதிரி நீளும். பொக்கை டிடிசியை ஒட்டி சென்சாரைக் கடக்கும்படி சக்கரத்தை மாட்டியிருந்தால் குழப்பம் இரட்டிப்பு. இரண்டு டிடிசிக்கு நடுவில், அதாவது 90 டிகிரியை ஒட்டிக் கடக்கும்படி சக்கரத்தைத் திருப்பி மாட்டுங்கள். அவசரத்துக்கு நல்ல பேட்டரியை ஜம்பர் போட்டுப் பாருங்கள். உடனே பிடித்தால் காரணம் இதுதான்.

பிடிக்கிறது, ஆனால் உதைக்கிறது

செல்ஃப் அடிக்கும்போது எதிர்த்து உதைத்தால் ஸ்பார்க் சீக்கிரம் வருகிறது. பிடித்தும் சோம்பலாக, எக்ஸாஸ்ட் சிவக்கச் சிவக்க ஓடினால் தாமதமாக வருகிறது. உண்மையான டிடிசி எது என்பதிலிருந்து தொடங்குங்கள், புல்லிக் கோட்டை நம்ப வேண்டாம். முதல் சிலிண்டர் பிளக் துளையில் பிஸ்டன் ஸ்டாப்பைப் போட்டு, ஒரு பக்கம் தட்டும் வரை கையால் சுற்றி ஒரு கோடு, மறுபக்கம் சுற்றி இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுதான் டிடிசி.

அடுத்து ஈசியுவில் டைமிங்கை 10 டிகிரியில் பூட்டிவிட்டு லைட்டை அடியுங்கள். லைட்டில் 20 தெரிந்தால் டிரிகர் ஆங்கிள் 10 தள்ளியிருக்கிறது, அதாவது ஒரு பல். வித்தியாசம் பல்லின் மடங்காகச் சுத்தமாக வந்தால் எங்கோ எண்ணிக்கை தவறியிருக்கிறது. 3, 4 டிகிரி என்று உதிரியாக வந்தால் சென்சார் உட்கார்ந்த இடம், அதை ஆங்கிளில் திருத்திக்கொள்ளலாம். டயல் வைத்த டைமிங் லைட்டாக இருந்தால் டயலைப் பூஜ்யத்தில் வைத்துவிடுங்கள். வேஸ்டட் ஸ்பார்க்கில் ஒவ்வொரு சுற்றிலும் பிளக் அடிப்பதால் இந்த லைட்டுகள் ஏமாந்து இரட்டிப்பாகக் காட்டும். இதில் ஒரு மத்தியானம் முழுவதையும் தொலைத்தவன் நான்.

ஆர்பிஎம் ஏற ஏற டைமிங் நகர்கிறது

10-இல் பூட்டிய நிலையிலேயே 1000-இல் ஒரு ரீடிங், 3000-இல் ஒன்று, 5000-இல் ஒன்று. கோடு நின்ற இடத்தில் நிற்க வேண்டும். சீராகத் தாமதமானால் சிக்னல் பாதையில் ஒரு நிலையான காலதாமதம் இருக்கிறது. 6000 ஆர்பிஎம் என்பது நொடிக்கு 100 சுற்று, 36,000 டிகிரி. 50 மைக்ரோ நொடி தாமதித்தாலே 1.8 டிகிரி போய்விடும். இந்த அளவை ஈசியுவின் லேட்டன்ஸி அமைப்பில் ஈடுகட்டலாம். அதைவிட அதிகம் என்றால் காரணத்தைத் தேடுங்கள், முதல் சந்தேகம் மேலே சொன்ன விஆர் வயர் மாற்றம்.

சீராக இல்லாமல் கோடு முன்னும் பின்னும் ஆடினால் இரும்பு வேலையில் பிழை. சக்கரத்தை ரப்பர் வைத்த டாம்பரின் (அதிர்வைக் குறைக்கும் கிராங்க் புல்லி) வெளி வளையத்தில் மாட்டியிருக்கிறீர்களா? ரப்பர் கிழடானால் வெளி வளையம் தன் இஷ்டத்துக்கு வழுக்கும். உள் ஹப்பில் மாட்டுங்கள். போல்ட் துளையில் ஆட்டம் இருக்கும், ஆகவே போல்ட்டை மட்டும் நம்பாமல், இடம் மாறாமல் பிடிக்க ஒரு டவல் பின்னும் (dowel) போடுங்கள். ஜி13 வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கிராங்க் முனை போல்ட் சரியான டார்க்கில் இல்லாமல் ஓடிய எஞ்சின்களில் கீவே (புல்லி நகராமல் பூட்டும் பள்ளம்) தேய்ந்துபோவது இந்தக் குடும்பத்தின் பழைய வியாதி. அது தேய்ந்தால் டைமிங் பெல்ட் புல்லியே ஆடும், சென்சாரைக் குறை சொல்லிப் பயனில்லை.

மேலே போனதும் வெட்டுகிறது

அதிகம் அலைய வைக்கும் அறிகுறி இதுதான். லாகில் சிங்க் லாஸ் எண்ணிக்கை ஏறுகிறதா என்று முதலில் பாருங்கள். ஏறவில்லை என்றால் பெட்ரோல் பிரஷரையோ காயிலையோ தேடுங்கள், சென்சாரை விட்டுவிடலாம். ஏறினால் தொடர்ந்து படியுங்கள்.

குறிப்பிட்ட ஒரு ஆர்பிஎம்மில் மட்டும் வெட்டி, அதைத் தாண்டினால் சரியாகிறது என்றால் பிராக்கெட் அதிர்கிறது. 3 மி.மீ. அலுமினியத் தகட்டை எல் வடிவில் மடித்து, ஒரே போல்ட்டில் நீட்டி மாட்டியது என்றால் கேட்கவே வேண்டாம். சென்சார் முனையைக் கையால் அழுத்திப் பாருங்கள், அசைவு கண்ணுக்குத் தெரிந்தாலே அந்த பிராக்கெட் ஆகாது. தற்காலிகமாக முனையிலிருந்து பிளாக்குக்கு ஒரு ஸ்டே கட்டி ஓட்டுங்கள். வெட்டும் இடம் மேலே நகர்ந்தாலோ மறைந்தாலோ குற்றவாளி கிடைத்துவிட்டான். 6 மி.மீ. ஸ்டீலில், இரண்டு போல்ட் பிளாக்கில் பிடிக்கும்படி, முக்கோணமாகத் தாங்கல் வைத்து மறுபடி செய்யுங்கள். டைமிங் கவர் பிளாஸ்டிக்கில் மட்டும் பிடிக்க வேண்டாம்.

அடுத்தது சக்கரத்தின் கோணல் ஓட்டம் (ரன்-அவுட்). டயல் கேஜை வெளி விட்டத்தில் வைத்து ஒரு முழுச் சுற்று. 0.1 மி.மீ. நல்லது, 0.2 வரை பொறுத்துக்கொள்ளலாம். 0.3 என்று வைத்துக்கொள்வோம். 0.7-இல் அமைத்த இடைவெளி ஒரு பக்கம் 0.55, எதிர்ப்பக்கம் 0.85. ஸ்கோப்பில் ஒரு சுற்றைப் பார்த்தால் பற்களின் உயரம் ஒரே மட்டமாக இல்லாமல், வயிறு பெருத்து இடுப்பு சிறுத்த உருவமாக வரும். இடுப்பு இருக்கும் இடத்தில்தான் இரைச்சல் புகுந்து விளையாடும். லேத்தில் போட்டு விட்டத்தை ஒரு தடவை தடவி எடுத்தால் போயிற்று. ஆனால் சக்கரத்தை மட்டும் தனியாகப் பிடிக்காமல், புல்லியோடு சேர்த்து மாட்டிய நிலையில் கடையச் சொல்லுங்கள்.

இரும்பு வேலை சுத்தம் என்றால் இரைச்சல். இரண்டு வயரும் முறுக்கி ஷீல்டு போட்ட கேபிள், ஷீல்டு ஈசியு முனையில் மட்டும் எர்த். இரண்டு முனையிலும் எர்த் செய்தால் ஷீல்டே கரண்ட் ஓடும் பாதையாகிவிடும். சென்சார் எர்த் ஈசியுவின் சென்சார் எர்த்துக்கே போகட்டும், பிளாக்கில் கடிக்க வேண்டாம். பிளக் வயரோடும் ஆல்டர்னேட்டர் வயரோடும் சேர்த்துக் கட்டாதீர்கள், குறுக்கே போக வேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்கட்டும். பிளக்கில் எழுதியிருப்பதையும் படியுங்கள். என்ஜிகே பிபி6ஈஎஸ் என்றால் ரெசிஸ்டர் இல்லை, பிபிஆர்6ஈஎஸ் என்றால் இருக்கிறது. அந்த ஒரு ‘ஆர்’ எழுத்து இல்லாமல் ஈசியுவை நிம்மதியாக ஓட்ட முடியாது.

இப்போது என் சொந்தக் கதை. ஹால் சென்சார், 2.2 கிலோ ஓம் புல்-அப். லேசாக இரைச்சல் தெரிந்ததும், சிக்னலுக்கும் எர்த்துக்கும் நடுவே கையில் கிடைத்த 0.1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரைப் பற்ற வைத்தேன். ஐடில் பட்டு மாதிரி ஆனது, சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன். மறுநாள் 5000-ஐ நெருங்கும்போதெல்லாம் செத்துச் செத்து உயிர்த்தது. கணக்குப் போட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். 2.2 கிலோ ஓமும் 0.1 மைக்ரோ ஃபாரடும் பெருக்கினால் 0.22 மில்லி நொடி. 5000 ஆர்பிஎம்மில் 36 பல் சக்கரத்தில் பல்லுக்குப் பல் 0.33 மில்லி நொடிதான், அதில் சிக்னல் மேலே ஏறக் கிடைப்பது பாதி. பாதி ஏறுவதற்குள் அடுத்த பல் வந்து இழுத்துவிடும். ஸ்கோப்பில் சதுர அலைக்குப் பதில் சுறாத் துடுப்பு மாதிரி தெரிந்தது. கெபாசிட்டரைக் கழற்றி, ஆல்டர்னேட்டருக்குப் பக்கத்தில் போன கேபிளை இடம் மாற்றினேன். இரைச்சலும் போயிற்று.

விஆரில் மட்டும் வரும் ஒரு விசேஷம்: மேல் ஆர்பிஎம்மில் வோல்ட்டேஜ் அளவுக்கு மீறிப் போய்க் கண்டிஷனர் திணறுவது. சென்சார் வயரில் வரிசையாக 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டால் அடங்கும், ஆனால் செல்ஃப் அடிக்கும்போது இன்னும் சிக்னல் போதுமா என்று திரும்பப் பாருங்கள். சக்கரத்தில் ஆர்க் வெல்டிங் செய்திருந்தால் தகட்டில் காந்தம் ஏறி, இல்லாத பல்லை இருப்பதாகக் காட்டுவதும் உண்டு. பொடி ஆணியை ஒட்டவைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் சென்சாருக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். ஆறிய சென்சாரை ஹேர் டிரையரால் சூடேற்றிக்கொண்டே விஆர் என்றால் ஓமைக் கவனியுங்கள். செம்பு சூடாகும்போது கொஞ்சம் ஏறுவது இயல்பு, திடீரென்று மீட்டர் திறந்த சர்க்யூட் காட்டினால் உள்ளே வயர் விட்டுப்போயிருக்கிறது. ஹால் என்றால் சூட்டிலேயே கையால் சுற்றி 5 வோல்ட்டும் பூஜ்யமும் மாறுகிறதா என்று பாருங்கள். மாறவில்லை என்றால் புது சென்சார், கூடவே ஒரு ஹீட் ஷீல்டு. கனெக்டர் பின்னை இழுத்துப் பார்க்கவும் மறக்காதீர்கள்.

சீக்வென்ஷியலுக்கு மாற்றியதும் வெடிக்கிறது

வேஸ்டட் ஸ்பார்க்கில் அழகாக ஓடிய எஞ்சின், கேம் சென்சாரைச் சேர்த்துச் சீக்வென்ஷியலுக்கு (ஒவ்வொரு சிலிண்டருக்கும் அதன் முறை வரும்போது மட்டும் கொடுப்பது) போனதும் இன்டேக்கில் பட்டாசு வெடித்தால் கட்டம் 360 டிகிரி தப்பு. ஈசியு ஒன்றாம் சிலிண்டரின் கம்ப்ரெஷன் என்று நினைப்பது உண்மையில் அதன் எக்ஸாஸ்ட் முடிவு. டிரிகர் ஆங்கிளில் 360-ஐக் கூட்டிப் பாருங்கள், உடனே தெளிந்துவிடும்.

ஒரு தடவை சரியாகப் பிடித்து, மறு தடவை வெடித்தால் விஷயம் வேறு. கேம் எட்ஜ் பொக்கைக்கு மிக அருகில் விழுகிறது. பெல்ட் நீட்சி, டிஸ்ட்ரிபியூட்டர் நாக்கின் ஆட்டம் எல்லாம் சேர்ந்து, எட்ஜ் சில நேரம் பொக்கைக்கு முன்னாலும் சில நேரம் பின்னாலும் வருகிறது, ஈசியு ஒவ்வொரு தடவையும் ஒரு முடிவுக்கு வருகிறது. ஸ்கோப்பில் ஒரு சேனலில் கிராங்க், இன்னொன்றில் கேம் வைத்து, எட்ஜுக்கும் பொக்கைக்கும் நடுவில் மூன்று பல்லாவது, அதாவது கிராங்கில் 30 டிகிரி இருக்கும்படி டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்புங்கள். கேம் பாதி வேகத்தில் சுற்றுவதால் கூட்டை 10 டிகிரி திருப்பினால் கிராங்கில் 20 நகரும், கை கொஞ்சம் மெதுவாகப் போகட்டும். 5000 வரை ஏற்றி எட்ஜ் அதே இடத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு போல்ட்டை இறுக்குங்கள். அப்படியே கூட்டிலும் ஹெட்டிலும் சேர்த்து ஆணியால் ஒரு கோடு கீறிவிடுங்கள். அடுத்த முறை கேம் சீல் மாற்ற அதைக் கழற்றுபவர் வேறு யாராவதாக இருக்கலாம்.